627001 என்ற எண்ணை அக்குவேறு ஆணிவேராகப் பிரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலி தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 627001. இந்த வழிகாட்டி அதை முகவரியாகக் கொள்ளாமல் ஆறு இலக்க முழு எண்ணாக மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பகாக் காரணிகள், வர்க்கங்களோடு அதற்குள்ள உறவு, இலக்கங்களில் ஒளிந்திருக்கும் வேடிக்கைகள் ஆகியவற்றைக் கையால் கண்டறியும் வழியைச் சொல்கிறது. சனிக்கிழமை மாலைகளில் என் வீட்டுத் தார்சாவில் உட்கார்ந்து கணக்குப் போடும் பள்ளிப் பிள்ளைகளுடன் இதைப் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். அவர்கள் எங்கெங்கே வழி தவறினார்களோ, அந்த இடங்களில் கூடுதலாக நின்று விளக்கியிருக்கிறேன்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

கட்டம் போட்ட நோட்டு, பென்சில், 100 வரையுள்ள 25 பகா எண்களின் பட்டியல் ஆகிய மூன்றும் போதும். கால்குலேட்டரை விடையைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்த வேண்டும். வகுக்கும்போது அது மீதியைக் காட்டாமல் தசமத்தைக் காட்டும், நமக்கோ ஒவ்வொரு மீதியும் பின்னால் தேவைப்படும்.

புதியவர்கள் பெரும்பாலும் இலக்கங்களைத் திருப்பிப் போடுவது, கூட்டுவது போன்ற விளையாட்டுகளிலிருந்து தொடங்குகிறார்கள். அவ்விளையாட்டுகள் எண்ணைப் பத்தடிமானத்தில், அதாவது 0 முதல் 9 வரையுள்ள பத்து இலக்கங்களால் எழுதும் வழக்கத்தைச் சார்ந்தவை; காரணிகளோ எப்படி எழுதினாலும் மாறாதவை. வர்க்கங்களைப் பற்றிய கேள்விகளுக்குக் காரணிகள் தெரியாமல் விடை சொல்ல முயன்றால் நாட்கணக்கில் வீணாகும். எனவே காரணிப்படுத்தல் முதலிலும், இலக்க வேடிக்கை கடைசியிலும் வர வேண்டும்.

2. எண்ணை எழுதும் முறை

ஆறு லட்சத்து இருபத்தேழாயிரத்து ஒன்று என்பதை நாம் 6,27,001 என்று காற்புள்ளியிட்டு எழுதுகிறோம். படிப்பதற்கு அது சரியானதே. ஆனால் நான்காம் படியில் வரும் சோதனைக்கு எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரிக்க வேண்டும்; அதாவது 627 | 001. நம் காற்புள்ளி இருக்கும் இடத்திலேயே வெட்டி 6 | 27 | 001 என்று மூன்று துண்டாக்கியவர்கள் பலர், முதன்முறை செய்தபோது நானும் அப்படித்தான் செய்தேன். ஆகவே நோட்டில் காற்புள்ளி இல்லாமல் 627001 என்று எழுதிவிட்டு, நடுவில் ஒரு செங்குத்துக் கோடு இட்டுக்கொள்வது நல்லது.

3. எல்லையைக் குறித்தல்

791-இன் வர்க்கம் 625681, 792-இன் வர்க்கம் 627264. நம் எண் இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பதால், 791 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும். ஓர் எண் இரண்டு காரணிகளின் பெருக்கமாக இருந்தால் அவற்றுள் ஒன்றாவது வர்க்கமூலத்தைத் தாண்டாது என்பதே இதற்குக் காரணம்.

791 வரை 138 பகா எண்கள் உள்ளன. இந்த எண்ணிக்கையைத் தொடக்கத்திலேயே நோட்டின் தலைப்பில் எழுதி வைக்கச் சொல்கிறேன். ஏனெனில் பத்துப் பதினைந்து பகா எண்களால் வகுபடவில்லை என்றதும் "இது பகா எண்தான்" என்று முடிவு கட்டிவிடும் அவசரமே இங்கு மிகப் பெரிய பிழை. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி 43 வரை அழகாக வகுத்துவிட்டு, கீழே இரட்டைக் கோடு இழுத்துப் 'பகா எண்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாள். வகுத்தல் ஒன்றிலும் தவறு இல்லை. நிறுத்திய இடம்தான் தவறு.

4. வகுக்காமலே முடியும் சோதனைகள்

627001 என்பது 627000-ஐவிட ஒன்று அதிகம். 627 = 3 × 11 × 19; 1000-இல் 2-உம் 5-உம் உள்ளன. ஆகவே 2, 3, 5, 11, 19 ஆகிய ஐந்து பகா எண்களாலும் வகுக்கும்போது மீதி 1 என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எண்ணின் அமைப்பை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுத் தொடங்குபவருக்கு ஐந்து வகுத்தல்கள் மிச்சம்.

7-க்கும் 13-க்கும் 1001 உதவும். அது 7 × 11 × 13 ஆகும். மூவிலக்கத் துண்டுகளில் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்தைக் கழிக்க வேண்டும்: 1 − 627 = −626. 626-ஐ 7 ஆல் வகுத்தால் மீதி 3; குறை எண் என்பதால் உண்மையான மீதி 7 − 3 = 4. அதேபோல் 13-க்கு 626-இன் மீதி 2. உண்மையான மீதி 11. வகுபடுமா என்று மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் குறைக் குறி முக்கியமில்லை. ஆனால் மீதிகளைப் பத்தாம் படியில் மீண்டும் பயன்படுத்தப் போகிறோம் என்பதால், அதைக் கவனிக்காமல் 3, 2 என்று எழுதினால் அங்கே எல்லாம் குழம்பும்.

5. நீள் வகுத்தலும் மீதிப் பட்டியலும்

இனி ஒவ்வொன்றாக வகுத்து, பகா எண்ணுக்கு எதிரே மீதியை எழுத வேண்டும். 17-க்கு 7; 23-க்கு 21; 29-க்கு 21; 31-க்கு 26; 37-க்கு 36; 41-க்கு 29; 43-க்கு 18; 47-க்கு 21; 53-க்கு 11; 59-க்கு 8; 61-க்கு 43; 67-க்கு 15. அடுத்து 71-க்கு 0.

627001 = 71 × 8831.

71 என்பது இருபதாவது பகா எண். 138-இல் இருபதாவதிலேயே கதவு திறந்துவிட்டது.

இந்தப் பட்டியலில் 23, 29, 47 ஆகிய மூன்றுக்கும் மீதி 21 என்று வருவது எல்லோரையும் திகைக்க வைக்கும் இடம். "சார், திரும்பத் திரும்ப இருபத்தொண்ணே வருது, எங்கியோ பிசகிட்டேன்" என்று ஒரு பையன் முழுப் பக்கத்தையும் அழிப்பானால் தேய்த்துவிட்டான். பிசகு ஒன்றும் இல்லை. 627001-இலிருந்து 21-ஐக் கழித்தால் 626980. அது 2² × 5 × 23 × 29 × 47. மூன்று பகா எண்களும் ஒரே எண்ணில் கூடியிருப்பதால் மீதியும் ஒன்றாகவே வருகிறது. சந்தேகம் வந்தால் அழிப்பதற்கு முன் மீதியைக் கழித்துக் கிடைக்கும் எண்ணை ஒருமுறை காரணிப்படுத்திப் பார்க்க வேண்டும்.

இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிக் காரணி காணும் ஃபெர்மாவின் முறையைச் சிலர் முதலிலேயே முயல்வதுண்டு. காரணிகள் வர்க்கமூலத்துக்கு அருகே இருந்தால்தான் அது விரைவாக முடியும். இங்கே 627001 = 4451² − 4380² என்பதை அடைய, 792-இலிருந்து தொடங்கி 4451 வரை ஏற வேண்டும்; அதாவது 3660 முயற்சிகள். வகுத்தலில் இருபதே முயற்சிகள் போதும் என்பதால் இந்த எண்ணுக்கு அது ஏற்ற வழியன்று.

6. பெருக்கலைச் சரிபார்த்தல்

முதலில் 9-ஆல் சரிபார்க்க வேண்டும். 71-இன் இலக்கக் கூட்டுத்தொகை 8. 8831-க்கு 20, மீண்டும் கூட்டினால் 2. 8 × 2 = 16, அதாவது 7. 627001-க்கு 6 + 2 + 7 + 0 + 0 + 1 = 16, அதுவும் 7. பொருந்துகிறது.

இதோடு நிறுத்தக் கூடாது. 8831 என்பதை அவசரத்தில் 8381 என்று இடம் மாற்றி எழுதினாலும் 9-இன் சோதனை அதைக் காட்டிக் கொடுக்காது, ஏனெனில் இலக்கங்களின் கூட்டுத்தொகை மாறுவதில்லை. அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறுவதை 11-இன் சோதனை பிடிக்கும்: 71-க்கு மீதி 5, 8831-க்கு மீதி 9, பெருக்கினால் 45, அதன் மீதி 1, 627001-க்கும் மீதி 1.

7. இரண்டாவது காரணியைச் சோதித்தல்

8831 பகா எண்ணா என்பது இன்னும் தெரியாது. 94² = 8836 என்பதால் 93 வரை பார்த்தால் போதும். இங்கே மீண்டும் 2, 3, 5 என்று முதலிலிருந்து தொடங்குவது வீண் வேலை. 67 வரையுள்ள எந்தப் பகா எண்ணாலும் 627001 வகுபடவில்லை என்றால் அதன் காரணியான 8831-உம் வகுபடாது. மீதமிருப்பவை 71, 73, 79, 83, 89 ஆகிய ஐந்தே. மீதிகள் முறையே 27, 71, 62, 33, 20. எனவே 8831 பகா எண்.

71-ஐ ஏற்கெனவே பயன்படுத்திவிட்டோம் என்று அதைத் தாண்டி 73-க்குப் போகக் கூடாது. ஒரே பகா எண் இரண்டு முறை காரணியாக வரலாம். பத்தாம் படியில் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு வருகிறது.

8. வகுத்திகள்

வகுத்திகள் 1, 71, 8831, 627001 என நான்கு; அவற்றின் கூடுதல் 72 × 8832 = 635904. தன்னை விடுத்த வகுத்திகளின் கூடுதல் 8903 மட்டுமே. 627001-ஐவிடச் சிறியவையாக, அதனோடு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவையாக உள்ள எண்கள் 70 × 8830 = 618100. காரணிகள் கிடைத்தபின் இவையெல்லாம் இரண்டு நிமிட வேலை.

9. வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா?

இந்த எண்ணின் குணம் நன்றாகத் தெரியும் இடம் இதுதான். ஆட்களை அதிகமாக ஏமாற்றும் இடமும் இதுதான். 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியாது என்பது பலருக்குத் தெரியும். 627001-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. உடனே "அப்படியானால் எழுத முடியும்" என்று தேடத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டில் சிறிய எண் 559-ஐத் தாண்டாது என்பதால், பூச்சியத்தையும் சேர்த்து 560 சோதனைகள் செய்ய வேண்டியிருக்கும். அத்தனையும் தோற்கும்.

ஒரு மழைக்கால இரவில், காரணிகளைக் காண்பதற்கு முன்பே, நானே இதில் இறங்கி இருநூறு வரை போய்க் கைவிட்டேன். மறுநாள் 71 கிடைத்தபின்தான் செய்தது எவ்வளவு வீண் என்று தெரிந்தது.

விதி இதுதான்: 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் ஒவ்வொரு பகாக் காரணியும் இரட்டைப்படை அடுக்கில் வந்தால் மட்டுமே எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியும். அத்தகைய பகா எண் ஒன்று a² + b² என்பதை வகுத்தால், அது a-யையும் b-யையும் தனித்தனியே வகுத்தாக வேண்டும். எனவே அதன் வர்க்கமும் எண்ணை வகுக்க வேண்டும். 71-க்கு மீதி 3. 8831-க்கும் மீதி 3. இரண்டும் ஒரே ஒரு முறைதான் வருகின்றன. மூன்றையும் மூன்றையும் பெருக்கினால் 9, அதன் மீதி 1. இரண்டு தடைகள் சேர்ந்து ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு, வெளியே மீதி 1 என்று முகம் காட்டுகின்றன.

மூன்று வர்க்கங்களானால் முடியும். 8-ஆல் வகுத்தால் மீதி 7 தரும் எண்களையும், அவற்றை 4-இன் அடுக்குகளால் பெருக்கிக் கிடைப்பவற்றையும் தவிர எல்லா எண்களையும் மூன்று வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம். நம் எண்ணுக்கு 8-ஆல் மீதி 1. காணும் வழி, மேலிருந்து ஒரு வர்க்கத்தைக் கழித்து, எஞ்சியதற்கு மேற்சொன்ன இரு வர்க்க விதியைப் பொருத்துவது. 791²-ஐக் கழித்தால் 1320. அதில் 3 ஒற்றை அடுக்கில் வருவதால் ஆகாது. 790²-ஐக் கழித்தால் 2901 = 3 × 967; ஆகாது. 789²-ஐக் கழித்தால் 4480. அதில் 7 ஒரு முறை மட்டும் வருவதால் ஆகாது. 788²-ஐக் கழித்தால் 6057 = 3² × 673. இங்கே 3 இரு முறை வருகிறது, 673-க்கு மீதி 1. 673 = 23² + 12²; இதில் 23-ஐயும் 12-ஐயும் மும்மடங்காக்கினால் 6057 = 69² + 36².

627001 = 788² + 69² + 36².

நான்காவது முயற்சியிலேயே கிடைத்துவிட்டது. விதியைப் பொருத்தாமல் குருட்டுத்தனமாகத் தேடினால் ஒவ்வொரு எச்சத்துக்கும் இருபத்தைந்து முதல் ஐம்பது வரை சோதனைகள் ஆகியிருக்கும்.

10. பக்கத்து எண்களுக்குப் பட்டியலைப் பயன்படுத்துதல்

மீதிகளை எழுதி வைக்கச் சொன்னதன் பயன் இப்போது தெரியும். 37-க்கு மீதி 36 என்று பட்டியலில் உள்ளது. எனவே அடுத்த எண்ணாகிய 627002 37-ஆல் வகுபட்டே ஆக வேண்டும். அது பாளையங்கோட்டையின் பின்கோடு. வகுத்துப் பார்த்தால் 2 × 37 × 8473. அந்த 8473-ஐ மீண்டும் 37-ஆல் வகுத்தால் 229. ஆகவே 627002 = 2 × 37² × 229. ஒருமுறை வகுத்ததும் 37-ஐக் கடந்து போனவர்கள் இங்கே 8473-ஐப் பகா எண் என்று எழுதிவிடுவார்கள்.

37-க்கும் 229-க்கும் 4-ஆல் மீதி 1. ஆகவே 627001-ஆல் முடியாதது இதனால் முடியும். அதுவும் மூன்று விதமாக. 2 × 229 = 458 = 13² + 17²; இவற்றை 37-ஆல் பெருக்கினால் முதல் விடை 481² + 629². பிறகு 37² = 35² + 12² என்பதையும் 458-இன் வடிவத்தையும் பிரம்மகுப்தரின் முற்றொருமையில் இட வேண்டும்: (a² + b²)(c² + d²) = (ac − bd)² + (ad + bc)². இதிலிருந்து 251² + 751² கிடைக்கும். குறிகளை மாற்றி ac + bd, ad − bc என்று எடுத்தால் 659² + 439². குறி மாற்றத்தை மறந்து இரண்டோடு நிறுத்திவிடுவது இங்குள்ள வழக்கமான தவறு.

தாமிரபரணியின் மேற்குக் கரையிலுள்ள திருநெல்வேலியின் எண்ணை இரண்டு வர்க்கங்களாக்க வழியே இல்லை. பாலத்தைக் கடந்து கிழக்குக் கரையிலுள்ள பாளையங்கோட்டைக்கு வந்தால் மூன்று வழிகள். அஞ்சல் துறை இதை எண்ணியா எண் கொடுத்தது என்று கேட்ட பையனுக்கு, இல்லை என்று சொல்ல எனக்கே கொஞ்சம் மனம் வரவில்லை.

வண்ணார்பேட்டையின் 627003-க்கு எல்லா மீதிகளோடும் 2 கூட்ட வேண்டும். 13-க்கு 11 + 2 = 13, 23-க்கு 21 + 2 = 23; இரண்டும் வகுபடுகின்றன. இலக்கக் கூட்டுத்தொகை 18 என்பதால் 9-உம் வகுக்கும். விடை 3² × 13 × 23 × 233. நான்காம் படியில் 13-க்கு மீதி 2 என்று தவறாக எழுதியவருக்கு இந்த 13 கண்ணிலேயே படாது. திருநெல்வேலி டவுனின் 627006-க்கு 5 கூட்டினால் 31-க்கு 26 + 5 = 31; விடை 2 × 3 × 31 × 3371. ஒரு நீள் வகுத்தல்கூடப் புதிதாகத் தேட வேண்டியதில்லை.

11. இலக்க வேடிக்கைகள்

627001-ஐத் திருப்பிப் போட்டால் 100726. இரண்டையும் கூட்டினால் 727727. இது எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும் விகடகவி எண். எதிரெதிர் இலக்கங்களின் கூடுதல்கள் 7, 2, 7 என்று பத்துக்கு உள்ளேயே இருப்பதால் கைமாற்று வரவில்லை. அதனால்தான் ஒரே படியில் முடிந்தது.

இலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் 90, 81, 65, 61, 37, 58, 89, 145, 42, 20, 4, 16, மீண்டும் 37. ஒன்றில் முடியாமல் சுழல்வதால் இது மகிழ்ச்சி எண் அன்று.

கப்ரேக்கர் என்ற இந்தியக் கணித ஆர்வலரின் செயல்முறைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, ஏறு வரிசையில் எழுதியதைக் கழித்து, விடைக்கும் அதையே செய்துகொண்டே போக வேண்டும். முதல் படி 762100 − 001267 = 760833. தொடர்ந்து 842652, 640854, 820872, 864432, 629964, 749943, 652644, 420876. இதன்பின் 851742, 750843, 840852, 860832, 862632, 642654 என்று போய் மீண்டும் 420876-க்கே திரும்பும்; ஏழு எண்களின் சுழற்சி இது. ஒவ்வொரு விடையும் 9-ஆல் வகுபட வேண்டும் என்பதால், இடையில் வகுபடாத எண் வந்தால் அந்தக் கழித்தலில்தான் தவறு.

பூச்சியங்களை விட்டுவிடுவதே இங்கு எல்லோரும் செய்யும் பிழை; அது சரியான விடைபோலவே தோன்றுவதால் ஆபத்தும் அதிகம். இரண்டு பூச்சியங்களையும் மதிப்பற்றவை என்று விட்டுவிட்டு 7621 − 1267 = 6354 என்று தொடங்கினால், 3087, 8352 என்று சென்று 6174-இல் நிற்கும். நான்கு இலக்க எண்களுக்கான புகழ்பெற்ற கப்ரேக்கர் மாறிலி அது. கேள்விப்பட்ட எண் வந்துவிட்ட மகிழ்ச்சியில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆறு இலக்க எண்ணுக்கு ஒவ்வொரு வரியிலும் ஆறு கட்டங்கள் நிரம்பியிருக்க வேண்டும். கட்டம் போட்ட நோட்டைக் கேட்டதும் இதற்காகத்தான். கணினியின் விரிதாளில் செய்பவர்கள், 001267 என்று தட்டினால் அது முன் பூச்சியங்களை உதிர்த்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

12. அடிமானத்தை மாற்றுதல்

இரண்டடிமானத்துக்கு 524288, 65536, 32768, 4096, 256, 32, 16, 8, 1 என்று பெரிய அடுக்கிலிருந்து கழித்துக்கொண்டு வர வேண்டும். விடை 1001 1001 0001 0011 1001; இருபது இலக்கங்களில் ஒன்பது ஒன்றுகள். வலப்பக்கத்திலிருந்து நான்கு நான்காகப் பிரித்தால் பதினாறடிமான வடிவம் தானாகவே வரும்: 9, 9, 1, 3, 9.

பதினாறடிமானத்தில் பத்து முதல் பதினைந்து வரையுள்ள மதிப்புகளுக்கு எழுத்துகள் வரும். இந்த எண்ணில் ஒன்றுகூட வரவில்லை; 99139 என்று சாதாரண எண்போலவே நிற்கிறது. எனவே நோட்டில் இதை எழுதும்போது கீழே 16 என்று சிறியதாக அடிமானத்தைக் குறித்துவிட வேண்டும். குறிக்காமல் விட்டால், அடுத்த வாரம் அதே நோட்டைத் திறப்பவர் அதைத் தொண்ணூற்றொன்பதாயிரத்து நூற்று முப்பத்தொன்பது என்றே படித்துவிட்டு, 71-ஆல் ஏன் வகுபடவில்லை என்று கேட்டுக்கொண்டு வருவார்.